இறாலை விட்டால் படை போகுமா?

கேள்வி: வயது 42. முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதில் உதிர்கிறது. கிரந்தி என்று சொல்லி இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்திவிட்டேன். வேப்பிலையும் அரைத்துப் பூசுகிறேன். மாறவில்லையே, ஏன்?
- வாசகி, விசுவமடு

பதில்: நீங்கள் சொல்லும் குறி சோரியாசிஸ் போல இருக்கிறது. சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப் படை என்பார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி தவறாக வேலை செய்வதால் தோல் அளவுக்கு மீறி வேகமாக வளர்கிறது. மற்றவருக்குத் தொற்றாது. அடியோடு மாறுவதும் அரிது, அடக்கி வைக்கலாம்.

இறாலும் கத்தரிக்காயும் இதற்குக் காரணமல்ல. சாப்பிட்டவுடன் கடித்துத் தடித்தால் மட்டும் விடுங்கள். சூடை மீனைத் தாராளமாகச் சாப்பிடலாம். உடற்பருமன் இருந்தால் எடையைக் குறையுங்கள். உணவு வழியில் உறுதியான பலன் அதில்தான். மது, புகை நோயைக் கூட்டும்.

பச்சை வேப்பிலை அரைப்பு வெடித்த தோலை எரிக்கும், நிறுத்துங்கள். சோழகக் காற்றும் உவர்க் கிணற்றுத் தண்ணீரும் தோலை உலர்த்திவிடும். சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரத்தோடு தேங்காயெண்ணெய் பூசுங்கள். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சும் தைலம் சித்தர் வழி மருந்து. தேர்ந்த சித்த வைத்தியரிடமே கேட்டு வாங்குங்கள். பெயரொட்டாத சூரணம் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் ஸ்டீரொய்ட் கலந்திருக்கும். திடீரென்று விட்டால் படை பொங்கும்.

காலையில் மூட்டு விறைத்தாலோ, தழும்பில் உணர்ச்சி இல்லாவிட்டாலோ தாமதிக்காதீர்கள். உணர்ச்சியற்ற தழும்பு தொழுநோயாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து இலவசம், முற்றாகக் குணமாகும். எதற்கும் ஒருமுறை கிளிநொச்சி பொது வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள்.