மடக்கு மின்சைக்கிள்: வேகத்துக்கு முன்னே பிரேக்

இந்த மாதப் பாடம் மடக்கு மின்சைக்கிளை வீட்டிலேயே எப்படிச் சீர்படுத்துவது என்பது பற்றி.

செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட், பத்து காஜா என்று ஈப்போவைச் சுற்றி நம் ஆட்கள் வாழும் இடங்கள் பல ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களாக இருந்தவை. பால்மரம் போய் செம்பனை வந்தது, சில இடங்களில் தாமான் வந்தது. அப்போது வேலைக்காடு வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது வேலையும் படிப்பும் டவுனில். பஸ் எல்லா இடத்துக்கும் வருவதில்லை. மோட்டார் சைக்கிள் என்றால் லைசென்ஸ், பெட்ரோல் என்று செலவு வரிசையாக நிற்கும். அதனால் சின்ன மின்சைக்கிள் ஒன்று வீட்டுக்கு வந்தால் அது விளையாட்டுச் சாமான் இல்லை. ஒரு பிள்ளையின் படிப்போ, ஓர் அம்மாவின் வேலையோ அதை நம்பி இருக்கலாம்.

வாங்கிய மறுவாரமே எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று: “அண்ணே, இதை இன்னும் ஸ்பீடா ஆக்க முடியுமா?” முடியும். ஆனால் அதைக் கடைசிக் கேள்வியாக வைக்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் சொல்வது

மின்சைக்கிளுக்கு மலேசியத் தரநிலை உண்டு: எம்.எஸ். 2514. மோட்டார் 250 வாட், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர், இதுதான் எல்லை. நாம் மிதிக்க வேண்டும், மோட்டார் உதவி செய்யும். 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அறிவித்த விதிப்படி மின் ஸ்கூட்டர், மோபெட் போன்ற சில வகைச் சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டத் தடை. அப்படின்னா, நீங்கள் பெடலைக் கழற்றி வேகத்தைக் கூட்டினால், சைக்கிளாக வாங்கியது சட்டத்தின் கண்ணில் சைக்கிளாக இருக்காது. விபத்து என்று வந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

2017 பிப்ரவரி 18 அதிகாலை ஜொகூர் பாருவில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ‘பாசிக்கால் லாஜாக்’ என்று சொல்லப்படும் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன பிள்ளைகள் கூட்டத்தில் கார் மோதி, பதின்ம வயதினர் 8 பேர் இறந்தார்கள். வழக்கு 2023 வரை நீதிமன்றங்களில் நடந்தது. அந்த வகைச் சைக்கிளில் பலர் முதலில் கழற்றி எறிவது பிரேக்கைத்தான். நாம் அதற்கு நேர் எதிராக, பிரேக்கிலிருந்து தொடங்குவோம்.

முதலில் கொஞ்சம் கணக்கு

பல மடக்கு மின்சைக்கிள்களில் 36 வோல்ட் பேட்டரி இருக்கும். “48 வோல்ட் போடு, பறக்கும்” என்று சொல்வார்கள். சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்து ஏறும். 48-ஐ 36-ஆல் வகுத்தால் 1.33. ஆக 25 கிலோமீட்டர் வேகம் 33 ஆகும். அவ்வளவுதான் லாபம்.

நஷ்டத்தையும் பாருங்கள். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25-இல் 10 மீட்டரில் நிற்கும் வண்டி, 33-இல் நிற்க 17 மீட்டருக்கு மேல் வேண்டும். அந்த 7 மீட்டரில் ஒரு நாய், ஒரு குழந்தை, திறக்கும் கார் கதவு எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

இன்னொன்று. 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறினால் 42 வோல்ட் காட்டும். 48 வோல்ட் பேட்டரி 54.6 காட்டும். பழைய கன்ட்ரோலருக்குள் 50 வோல்ட் வரை மட்டும் தாங்கும் கெப்பாசிட்டர் இருந்தால் அது வெடிக்கலாம்.

வேலை வரிசை

எந்த வேலைக்கும் முன் சுவிட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி தூர வையுங்கள். கைக்காப்பு, மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். தங்கமோ வெள்ளியோ பேட்டரியின் இரண்டு முனைகளையும் தொட்டால் நொடியில் பழுக்கச் சூடாகி, சதையோடு ஒட்டிக்கொள்ளும்.

1. பிரேக். தேய்ந்த பேடையும் துருப்பிடித்த கேபிளையும் மாற்றுங்கள். டிஸ்க்கில் எண்ணெய்க் கை படக்கூடாது. பல மின்சைக்கிள்களில் பிரேக் பிடியிலிருந்து மெல்லிய வயர் ஒன்று போகும். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்துவது அதுதான். அழகான புதுப் பிடி வாங்கி மாட்டி, அந்த வயரைத் தொங்க விட்டால், நீங்கள் பிரேக் பிடிக்கும்போது மோட்டார் முன்னே தள்ளும். வேலை முடிந்ததும் பேட்டரியை மாட்டி, மோட்டார் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி மெதுவாகச் சுழலவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். மோட்டார் உடனே நிற்க வேண்டும்.

2. மடிப்பு. மடக்கு சைக்கிளின் உயிர் அந்தக் கீலிலும் பூட்டிலும் இருக்கிறது. பூட்டிய பிறகு ஆட்டம் இருக்கக் கூடாது. பற்றவைத்த இடங்களில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அலுமினியச் சட்டத்தில் விரிசல் கண்டால் ஓட்டாதீர்கள். பட்டறையில் கொடுத்துப் பற்றவைத்தாலும் அந்தச் சூட்டில் பக்கத்து உலோகம் பலம் இழந்துவிடும்.

3. மோட்டார் அச்சு. மோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்கும் பல்வைத்த வாஷர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நட்டு இறுக்கமா என்று பாருங்கள். டயர் மாற்றும்போது இதைத் தவறவிடுபவர்கள் நிறைய.

4. டயர். செம்பனைக் காட்டுப் பாதையில் போகிறவர்களுக்கு முள்தான் எதிரி. டயருக்கும் டியூபுக்கும் நடுவில் வைக்கும் பட்டை மலிவான பாதுகாப்பு. காற்றளவு டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். சின்னச் சக்கரம் குழியில் சட்டென்று இறங்கும், காற்று குறைவாக இருந்தால் ரிம் நசுங்கும்.

5. மழை. ஈப்போ மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வயர் இணைப்புகளின் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். கன்ட்ரோலருக்குள் போகும் வயரைச் சற்றுத் தொங்கவிட்டு வளைத்தால், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். மோட்டார் சைக்கிள் கழுவும் அழுத்தக் குழாயை இதன் மேல் அடிக்காதீர்கள்.

6. விளக்கு. முன்னே வெள்ளை, பின்னே சிவப்பு. 12 வோல்ட் விளக்கை 36 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தால் எரிந்துபோகும். வோல்ட்டைக் குறைக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். இல்லாவிட்டால் தனியாகச் சார்ஜ் ஏற்றும் விளக்கே போதும்.

தூரம் வேண்டுமா?

இதுதான் உண்மையிலேயே பயன் தரும் மேம்பாடு. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்கினால் வாட்-மணி வரும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360. சமதரையில், நாமும் மிதித்தால், கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். 12 என்று வைத்தால் 30 கிலோமீட்டர் ஓடும். செம்மோரிலிருந்து ஈப்போவுக்கு ஒரு வழி ஏறக்குறைய 15 கிலோமீட்டர். போய் வந்தால் கணக்கு சரியாக முடிந்துவிடுகிறது, கையில் மிச்சம் இல்லை. எதிர்க்காற்று அடித்தாலோ, பேட்டரி பழசானாலோ கடைசி மேட்டில் தள்ளிக்கொண்டுதான் வரணும்.

அதே 36 வோல்ட்டில் 14 ஆம்பியர்-மணி பேட்டரி வாங்கினால் 504 வாட்-மணி, அதாவது 42 கிலோமீட்டர். வேகம் மாறாது, சட்டம் மீறாது, கன்ட்ரோலரும் பிழைக்கும். செலவு? 360 வாட்-மணி என்பது 0.36 யூனிட். யூனிட் அரை ரிங்கிட் என்று வைத்தாலும் ஒரு முழுச் சார்ஜுக்கு 20 சென் அளவுதான்.

இங்கே தொடாதீர்கள்

பேட்டரியின் உடலைப் பிரிக்கும் வேலை வீட்டு வேலை அல்ல. உள்ளே லித்தியம் செல்கள் 10 வரிசையாக இணைந்திருக்கும். அவற்றைக் காக்க ஒரு சின்ன மின்பலகை இருக்கும். செல் மேல் நேராகச் சோல்டரிங் வைப்பது, பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்துக் கட்டுவது, 36 வோல்ட் பேட்டரிக்கு 48 வோல்ட் சார்ஜர் போடுவது மூன்றும் தீயைக் கூப்பிடும் வேலைகள். நியூயார்க் நகரில் 2023-இல் மட்டும் இப்படிப்பட்ட லித்தியம் பேட்டரித் தீயில் 18 பேர் இறந்தார்கள்.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பழைய லயத்து வீடாகட்டும், வரிசை வீடாகட்டும், பலதில் முன்வாசல்தான் தப்பிக்கும் வழி. அந்த வாசலில் சைக்கிளை நிறுத்தி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கினால், தீ பிடிக்கும்போது வழியையே அது அடைத்துவிடும். ஆகவே ஆள் விழித்திருக்கும் நேரத்தில், வாசலை விட்டு விலகி, சிமெண்டுத் தரையில் சார்ஜ் போடுங்கள். சாமி மேடை விளக்குக்குப் பக்கத்தில் வேண்டாம், மெத்தை நாற்காலிக்குப் பக்கத்திலும் வேண்டாம். பேட்டரி வீங்கினாலோ, விசித்திரமாக மணந்தாலோ, அதை இனிப் பயன்படுத்த வேண்டாம். புகை வந்தால் அதைத் தூக்கி வெளியே போட ஓடாதீர்கள். எல்லாரையும் வெளியே கூட்டிப்போய் 999-ஐ அழையுங்கள்.

கை கற்றது போகாது

தோட்டத்துப் பெரியவர்களும் சைக்கிளை மாற்றியவர்கள்தான். பால் டின்னைச் சுமக்க வேண்டும் என்று பின் கேரியரைப் பலப்படுத்தினார்கள். பறக்க வேண்டும் என்று இல்லை, பாரம் தாங்க வேண்டும் என்று செய்தார்கள். அந்தக் கைவேலைக்கு அன்று சான்றிதழ் கிடைக்கவில்லை.

இன்று கிடைக்கும். மலேசியாவின் முதல் பாலித்தெக்னிக்கான உங்கு ஓமார் 1969-இல் தொடங்கியது நம் ஈப்போவில்தான். செம்மோர் கந்தானில் தொழில் பயிற்சிக் கழகம் இருக்கிறது. தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் 2025-இல் மின்கார் தொழிற்சாலையைத் திறந்தது. மல்ட்டிமீட்டர் பிடித்து 42 வோல்ட் என்று படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, மின்காரின் பாடம் அந்நியமாக இருக்காது. அளவு பெரிது, விதி அதேதான்.

கிளைக் கூட்டத்தில் பேச

1. உங்கள் வீட்டிலிருந்து படிக்கும் இடத்துக்கோ வேலைக்கோ எத்தனை கிலோமீட்டர்? போய் வர எத்தனை வாட்-மணி வேண்டும்?
2. வீட்டில் சார்ஜ் போடும் இடம் எது? தீ பிடித்தால் பாட்டி எந்த வழியாக வெளியே வருவார்?
3. வேகத்தைக் கூட்டச் சொல்லும் நண்பனுக்கு, அவன் மனம் நோகாமல், அந்த 7 மீட்டர் கணக்கை எப்படிச் சொல்வீர்கள்?

செய்து பார்க்க: அடுத்த கூட்டத்துக்கு முன் வீட்டிலிருக்கும் எல்லாச் சைக்கிளிலும், சின்னத் தம்பியின் சைக்கிள் உட்பட, பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைக்கும்போது ஒரு முறை, பிறகு மாதம் ஒரு முறை என்று வழக்கமாக்கிக் கொள்ளலாம். ஆலன் கீ செட் ஒன்று, ஸ்பானர் இரண்டு, மல்ட்டிமீட்டர் ஒன்று கிளைக்குப் பொதுவாக வாங்கி வைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மணி நேரத்தில் பத்துச் சைக்கிளைப் பார்த்துவிடலாம்.