இல்லாத பொருளை ஏவுதல்

சட்டியில் இருந்தால் அன்றோ அகப்பையில் வரும் என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆயினும் பந்தியில் பசியோடு அமர்ந்திருப்பவன் வெறும் அகப்பையைக் கண்டு அகப்பையையே நொந்துகொள்கிறான். அடுக்களையில் சட்டி அடுப்பேறாதிருந்ததை அவன் அறியான். இணையச் செயலிகளை எழுதப் புகும் மாணாக்கருட் பலரும் இவ்வாறே பிழை தோன்றிய வரியைப் பழித்து, அது பிறந்த இடத்தைக் காணாது விடுகின்றனர். அவ்வகைப் பிழைகளுள் மிகப் பரவலான ஒன்றை ஈண்டு ஆராய்வோம்.

நிரலாளர் ‘ஆப்ஜெக்ட்’ என வழங்கும் பொருள் ஒவ்வொன்றும் தனக்கெனச் சில தொழில்களை உடையது. அத்தொழில்களை ‘மெத்தட்’ என்பர். பட்டியல் என்னும் பொருளை ஏவினால், அது தன் உறுப்புக்களை ஒவ்வொன்றாய் எடுத்து நீட்டும். பெயர் மட்டும் இருந்து பொருள் ஆக்கப்படாதிருப்பின் என்னாகும்? ரூபி மொழியில் ‘அட்’ குறியோடு தொடங்கும் மாறிக்கு எவரும் மதிப்பு அளிக்காவிடின், அம்மொழி அதனை ‘நில்’ என்னும் இன்மையாகக் கொண்டு வாளாவிருக்கும். மாறியின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினும் இதுவே நிகழும். பின்னர் அதனைத் தொழில் செய்ய ஏவும்பொழுதுதான், ‘நில்லுக்கு இம்மெத்தட் இல்லை’ என்னும் செய்தி எழும். தமிழில் ‘நில்’ என்பது ஏவற்சொல். நிரலும் அவ்விடத்தே நின்றுவிடுகின்றது! பிஎச்பி, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மொழிகளில் செய்தியின் சொற்கள் வேறுபடினும் நோய் ஒன்றே.

இதனை நம் மாவட்டத்துத் தொழில் ஒன்றைக் கொண்டு விளக்குவோம். தீப்பெட்டிக்கும் வெடிக்கும் பெயர்பெற்ற சிவகாசி, நாட்காட்டி அச்சுக்கும் பெயர்பெற்றது. வரும் ஆண்டின் மாதிரித் தொகுப்புக்களை ஆடிப்பெருக்கன்று வெளியிடுவது அங்குள்ள வழக்கம். அதன்பின் கடைக்காரர்கள் தத்தம் கடையின் பெயர் பொறித்த நாட்காட்டிகளுக்குச் சொல்லிவைப்பர். அச்சகம் ஒன்றிற்காக ரெயில்ஸில் ஓர் ஆர்டர் படிவம் எழுதுகின்றோம் என்று கொள்வோம். படிவத்தைக் காட்டும் பகுதியில் நாட்காட்டி அளவுகளின் பட்டியலை மாறியில் இடுகின்றோம். பக்கம் அப்பட்டியலை விரித்துக் காட்டுகின்றது. நிரம்பிய படிவத்தைப் பெறும் பகுதி வேறு. அது பதிவு செய்து நன்றி கூறும். தவறு இருப்பின் அதே படிவத்தைத் திரும்பக் காட்டும்.

எல்லாவற்றையும் செவ்வையாய் நிரப்பிச் சோதித்தோம், குறையொன்றும் இல்லை. மறுநாள் விருதுநகர் மளிகைக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசி எண்ணை நிரப்ப மறந்து அனுப்புகின்றார். எண்ணைக் கேட்டுப் படிவம் திரும்ப வரவேண்டிய இடத்தில் பிழைப்பக்கம் வந்து நிற்கின்றது. பிழைச்செய்தியோ பட்டியலை விரிக்கும் வரியைக் காட்டுகின்றது. அவ்வரியில் யாதொரு குற்றமும் இல்லை. ரெயில்ஸ் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் கன்ட்ரோலரைப் புதிதாய் ஆக்குவதால், முந்தைய வேண்டுகோளில் இட்ட பட்டியல் இவ்வேண்டுகோளில் இராது. பதிவு செய்யும் பகுதியில் அதனை ஆக்குவாரும் இலர்.

இத்தகைய பிழையைக் கண்டவிடத்துச் செய்யத்தக்கன நான்கு. முதலாவது, செய்தியை முழுதும் படித்து, ஏவப்பட்ட மெத்தட் எது, இன்மையாய் நின்ற பொருள் எது எனத் தெளிக. ஒரே வரியில் பல ஏவல்கள் தொடர்ந்திருப்பின் அவற்றைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க. இரண்டாவது, அப்பொருளை ஆக்கவேண்டிய இடம் யாது, இவ்வேண்டுகோள் அவ்விடத்தின் வழியே வந்ததா என ஆராய்க. மூன்றாவது, கடைக்காரர் அனுப்பியவாறே குறைப்படிவம் அனுப்பிப் பிழையை மீண்டும் தோற்றுவிக்க. நான்காவது, இருபகுதிக்கும் பொதுவான இடத்தில் பட்டியலை ஆக்கி, அக்குறைப்படிவத்தையே நிலையான சோதனையாக எழுதி வைக்க.

இவ்விடத்து எச்சரிக்கை ஒன்று கூறுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் வந்த ரூபி 2.3 பதிப்பில், பொருள் இன்மையாயின் ஏவலைச் செய்யாது அமைதியாய்க் கடந்து செல்லும் குறி ஒன்று சேர்க்கப்பட்டது. அதனை இட்டால் பிழைச்செய்தி மறையும், குற்றம் மறையாது. அளவுப் பட்டியல் வெறுமையாய்த் தோன்றும். கடைக்காரர் தெரிந்தெடுக்க ஒன்றும் இராது. கடையின் பெயரிலேயே இக்குறியை இட்டுவிட்டாலோ, பெயரில்லா நாட்காட்டிகள் ஆயிரமாய் அச்சேறிக் கட்டப்பட்ட பின்னரே உண்மை வெளிப்படும். அப்பொழுது நட்டம் காகிதத்திற்கு மட்டுமன்று, கடைக்காரரின் நம்பிக்கைக்குமாம். இரண்டாந் தொலைபேசி எண் போல, இல்லாதிருத்தல் இயல்பானவிடத்தே அக்குறி தகும். இருந்தே தீரவேண்டிய பொருளுக்குத் தகாது.

இன்மையைச் சுட்டும் இவ்வழக்கத்தை 1965ஆம் ஆண்டில் அல்கால் டபிள்யூ மொழியில் அமைத்தவர் ஆங்கில அறிஞர் டோனி ஹோர். செய்வதற்கு எளிதாயிருந்தமையே காரணம் என்றும், அது தம் நூறு கோடி டாலர் தவறு என்றும் 2009ஆம் ஆண்டில் அவரே ஒப்புக்கொண்டார். பெரியோர் நிரலும் இதற்கு விலக்கன்று. 2025ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் கூகுள் நிறுவனம் தன் கிளவுட் சேவையில் ஒரு புதிய சோதிப்பு நிரலைச் சேர்த்தது. ஜூன் 12ஆம் நாள் வெற்றுப் புலங்கள் உள்ள கொள்கைப்பதிவு ஒன்று நுழைந்தது. நிரல் இன்மையைத் தொட்டு வீழ்ந்தது. உலகெங்கும் பல சேவைகள் ஒருங்கே தடைப்பட்டன. இடைப்பட்ட பதினான்கு நாளும் நிரலின் அப்பாதை ஒருமுறையும் நடந்து பார்க்கப்படவில்லை. நம் கடைக்காரரின் குறைப்படிவமும் அந்த வெற்றுப் பதிவும் புகட்டும் பாடம் ஒன்றே அன்றோ?

ஆதலின் மாணாக்க நண்பர்காள், செவ்வையான வழியை மட்டும் நடந்து பார்த்து மனநிறைவு கொள்ளாதீர். தவறுவோர் நடக்கும் வழியையும் நடந்து பாருங்கள். பிழைச்செய்தி எழுந்தால் அதன் வாயைப் பொத்தாதீர். அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குச் செல்லுங்கள். சட்டி அடுப்பேறியதா என்று பாருங்கள்.