வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள்

ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது. அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்தில் இப்படி 5,000 ரூபாய் சிக்கியது. அவர் வங்கிக்குப் போனார். “அது எங்க மெஷின் இல்லைம்மா, அந்த பேங்க்ல கேளுங்க” என்றார்கள். அந்த வங்கியில், “கார்டு அவங்க கொடுத்தது, அங்கேயே கேளுங்க” என்றார்கள். யாரும் அதட்டவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் அம்மா சொன்ன ஒரு சொல்கூட எங்கும் பதிவாகவில்லை. என் கோபமெல்லாம் அதில்தான்.

பணம் எந்த வங்கியின் மெஷினில் சிக்கினாலும், கார்டு கொடுத்த வங்கிதான் புகாரை வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, ஐந்து நாட்களுக்குள் பணம் கணக்குக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இதை வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திருக்காமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். ரசீதுச் சீட்டு வரவில்லையே என்றும் பயப்பட வேண்டாம். எவ்வளவு கேட்டோம், நோட்டு வெளியே வந்ததா இல்லையா என்பதெல்லாம் மெஷினிலேயே பதிவாகியிருக்கும்.

அம்மாவோடு நானும் போனேன். அரைப் பக்கக் கடிதம்தான்: கணக்கு எண், தேதி, நேரம், ஏடிஎம் இருக்கும் இடம், கழிந்த தொகை, கடைசி வரியில் அந்தச் சுற்றறிக்கை. இரண்டு பிரதி. “மேனேஜர் லீவு, வச்சிட்டுப் போங்க” என்றார் கவுண்டரில் இருந்த பெண். “பரவாயில்லைம்மா, இந்தப் பிரதியில சீல் வச்சு, தேதி போட்டுக் கொடுங்க, போதும்” என்றேன். சற்றுத் தயங்கினார். பிறகு சீல் வைத்தார், கம்ப்யூட்டரில் புகாரை ஏற்றி எண்ணையும் எழுதிக் கொடுத்தார். பணம் வந்தது, தாமதத்துக்கான இழப்பீடும் சேர்ந்து வந்தது.

அந்தப் பெண்ணிடம் சத்தம் போட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பாஸ்புக் பதிவு, நகைக்கடன், போதாததற்கு இன்சூரன்ஸ் விற்கும் இலக்கு எல்லாம் அவர் ஒருவர் தலையில். “உங்க மேல புகார் இல்லைம்மா” என்று முதலிலேயே சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. ஆள் போடாமல் விட்டது நிர்வாகம், ஏச்சு வாங்குவது கவுண்டரில் இருப்பவர். இது அநியாயம். ஒரு நிறுவனம் மனிதர்களை மதிக்கிறதா என்பதை நான் இப்போது பேச்சை வைத்துப் பார்ப்பதில்லை. புகார் எண்ணைக் கேட்காமலே தருகிறார்களா என்றுதான் பார்க்கிறேன்.

போனில் பேசினாலும் இதேதான். புகார் எண், தேதி, பேசியவர் பெயர் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 30 நாட்களில் வங்கி பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448. அங்கே முதலில் கேட்கப்படுவது வங்கியில் நீங்கள் கொடுத்த புகாரின் ஆதாரம்தான். கடை, கூரியர் போன்றவற்றில் சிக்கல் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வீட்டுப் பெரியவர்கள் வங்கிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினால், “நாளைக்குப் போய்ப் பாருங்க” என்று நீங்களும் சொல்லிவிடாதீர்கள். இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு கூடப் போங்கள்.