வாய் பேசாத சாமானே வாங்குங்கள்

பிள்ளைக்குப் பேச்சு வரட்டும் என்று விளையாட்டுச் சாமான் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தானாகப் பேசுகிற எதையும் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வட அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் ஆனா சோசா, 10 முதல் 16 மாதப் பிள்ளைகள் 26 பேர் பெற்றோருடன் வீட்டில் விளையாடுவதை ஒலிப்பதிவு செய்து, 2015 டிசம்பரில் முடிவை வெளியிட்டார். பற்றரிச் சாமானோடு இருந்தபோது பெற்றோர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 40 சொல் பேசினார்கள், மரப்புதிர், கட்டைகளோடு 56, படப்புத்தகத்தோடு 67. சாமான் பாடத் தொடங்கினால் பெரியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். பிள்ளை “பா” என்றால் “ஓம், பால்தான்” என்று சொல்ல ஆளில்லை. பேச்சு வளர்வதே அந்த மறுமொழியில்தான்.

26 பேர் போதுமா, அதுவும் அமெரிக்கக் குடும்பங்கள் என்று கேட்பது நியாயமே. அதை மட்டும் நம்பி நானும் சொல்லவில்லை. 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர், படப்புத்தகம் பார்க்கும்போது கேள்வி கேட்கவும் பிள்ளையின் பதிலை நீட்டிச் சொல்லவும் பெற்றோரைப் பழக்கினார்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகளின் பேச்சு முந்தியிருந்தது. ஏபிசி பாடும் சாமான் ஆங்கிலம் பழக்குமே என்பார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று அதற்குத் தெரியாதே!

தாய் மத்திய கிழக்கில், வளர்ப்பது எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மா. மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில் இப்படியும் வீடுகள் உண்டு. அங்கே புத்தகம் எதற்கு என்று நினைக்க வேண்டாம். எழுத்தில்லாத படப்புத்தகம் அவருக்கு வாய்ப்பானது. தோணி, வீச்சுவலை, கொக்கு, நண்டு என்று வாவிக்கரையில் பிள்ளை காண்பவை அதில் இருந்தால் பேச்சு தானாக ஓடும். “இது என்ன?” என்றால் “நண்டு” என்பதோடு முடிந்துவிடும். “நண்டு எங்க போகுது? மறுகா என்ன செய்யும்?” என்று கேளுங்கள். “ஓடும்” என்றால், “ஓம், வளைக்குள்ள ஓடிரும்” என்று நீட்டுங்கள். தடித்த அட்டைப் புத்தகம் விலைதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்சிடலாம். விளையாட்டுக்கு விளிம்பு தேய்த்த நாலு சிரட்டையும் மணலும் போதும். அள்ளு, நிரப்பு, கொட்டு, கவிழ் என்று வினைச்சொற்கள் அதில்தான் வரும். மூன்று வயதுக்குள் வாயில் போட்டு விழுங்கக்கூடிய சிறு சாமான் எதுவும் வேண்டாம். 18 மாதத்துக்குள் திரையே வேண்டாம் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம்கூட, 2016இல் வீடியோ அழைப்புக்கு விலக்கு அளித்தது. ஆகவே தாய் அழைக்கும்போது அந்தப் புத்தகத்தையே கைபேசிக்கு நேரே பிடியுங்கள். கேள்வியை அவரே கேட்கட்டும்.