கூட்டுத் தொழில் தொடங்குமுன்

ஜொகூர் பாருவில் இரு நண்பர்கள் சேர்ந்து உணவுக்கடை திறப்பதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் 80,000 வெள்ளி போடுகிறார். மற்றவர் 20,000 வெள்ளியோடு தம் சமையல் கைப்பக்குவத்தையும் கொண்டு வருகிறார். வியாபாரப் பதிவு மட்டும் செய்கிறார்கள்; ஒப்பந்தம் எழுதவில்லை. "நமக்குள் எழுத்து எதற்கு?" என்பது நம்மவர் வழக்கம். பங்காளிச் சண்டை என்ற சொல் நம் மொழியில் சும்மா வந்ததல்ல!

மலேசியாவின் 1961ஆம் ஆண்டுக் கூட்டுத் தொழில் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லையென்றால் இலாபம் சரிபாதி, நட்டமும் சரிபாதி. 80,000 போட்டவருக்கு இது வியப்பாக இருக்கும். கடைக்காக ஒருவர் வாங்கிய கடன் மற்றவரையும் கட்டுப்படுத்தும். கடைச் சொத்து போதாவிட்டால் சொந்த வீடு, சேமிப்பு வரை கடன் கொடுத்தவரின் கை நீளும். ஒருவர் இறந்தால், மாற்று ஏற்பாடு எழுதப்படாத கூட்டு கலைந்துவிடும்.

செண்டிரியான் பெர்ஹாட் நிறுவனமோ சட்டத்தின் முன் தனி ஆள். பங்குதாரரின் பொறுப்பு அவர் பங்குத் தொகையோடு நிற்கும். ஆனால் கடன் தரும் வங்கி இயக்குநர்களின் சொந்தப் பிணையைக் கேட்பதுண்டு. அதில் கையொப்பமிட்டால் அந்தக் கடனுக்கு இப்பாதுகாப்பு உதவாது. நிறுவனச் செயலாளரையும் நியமிக்க வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது 2012ஆம் ஆண்டுச் சட்டம் தந்த வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டு, அதாவது பி.எல்.டி. இதில் பொறுப்புக்கு எல்லை உண்டு. கணக்குத் தணிக்கை கட்டாயமில்லை. இருவர் நடத்தும் சிறு கடைக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம்.

எதைத் தேர்ந்தாலும், காசோலையில் யார் கையொப்பமிடுவது, விலகுபவரின் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பவற்றைக் கடை திறக்குமுன் எழுதி, இருவரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும்.