கைக்கு எட்டும் ஊதியம்

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

தொடக்கப்பள்ளியில் படித்தபோது பல் சிகிச்சைக் குழுவினர் வந்த நாள் பலருக்கும் நினைவிருக்கும். அன்று நெஞ்சு படபடக்க நாற்காலியில் சாய்ந்தவர்களுள் சிலர், இன்று அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பணியாற்ற விரும்புகின்றனர். அப்படி விரும்பும் மாணவரும் அவருடைய பெற்றோரும் தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: "பல் மருத்துவருக்கு எவ்வளவு சம்பளம் கிடைக்கும்?" இதற்கு ஒரே விடை இல்லை. "எந்த ஊரில்?" என்று திருப்பிக் கேட்ட பிறகே கணக்கைத் தொடங்க முடியும்.

முதலில் நம் நாட்டையே எடுத்துக்கொள்வோம். அரசாங்கப் பல் மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் அவருடைய பணித்தரத்தைப் பொறுத்தது. கங்காரில் இருந்தாலும் கோலாலம்பூரில் இருந்தாலும் அது மாறாது. ஆனால், பணியிடத்திற்கேற்பச் சில படித்தொகைகள் மாறும். தீபகற்ப மலேசியாவிலிருந்து சபா, சரவாக் மாநிலங்களுக்குப் பணியாற்றச் செல்வோருக்கு ஊக்கத்தொகை வழங்கப்படுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

தனியார் கிளினிக்குகளில் நிலைமை வேறு. அங்குப் பணிபுரியும் மருத்துவர் பலருக்கு, நோயாளிகள் செலுத்தும் கட்டணத்தில் ஒரு பங்கே வருமானமாகிறது. நகரத்தில் பல் சீரமைப்புக் கம்பி, செயற்கைப் பல் பொருத்துதல் போன்ற செலவுமிக்க சிகிச்சைகளை நாடுவோர் அதிகம். ஆயினும், ஒரே சாலையில் மூன்று நான்கு கிளினிக்குகள் இருந்தால் நோயாளிகளும் பிரிந்துபோவார்கள். சிற்றூரில் கட்டணம் குறைவாக இருக்கலாம், போட்டியும் குறைவுதான். மேலும், சொந்தக் கிளினிக் நடத்துபவர் பெறும் கட்டணம் முழுவதும் அவருக்கே சேர்வதில்லை. கடை வாடகை, உதவியாளர் சம்பளம், மருந்துப் பொருள்கள், கருவிகளுக்கு வாங்கிய கடன் ஆகியவற்றைக் கழித்த பின்னர் எஞ்சுவதே அவருடைய வருமானம். நகரத்தில் கட்டணம் உயர்வதைப் போலவே வாடகையும் உயர்கிறது.

அடுத்து வருவது வரி. மலேசியாவில் வருமான வரியைக் கூட்டரசு அரசாங்கமே விதிக்கிறது. ஆகவே, பெர்லிசுக்கும் சபாவுக்கும் சட்டம் ஒன்றே. இந்த வரி படிப்படியாக உயரும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். மாதம் 8,000 ரிங்கிட் சம்பளம் பெறும் ஒரு பல் மருத்துவரை நினைத்துக்கொள்வோம். இது கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்ட தொகையே. அவருடைய ஆண்டுச் சம்பளம் 96,000 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 10,560 ரிங்கிட், பிடிக்கப்படும். தனிநபர் வரிக்கழிவு 9,000 ரிங்கிட், சேமநிதிக்கான கழிவு 4,000 ரிங்கிட் ஆகிய இரண்டை மட்டும் நீக்கினால், வரிக்குரிய வருமானம் 83,000 ரிங்கிட்டாகும்.

இத்தொகை முழுவதற்கும் 19 விழுக்காடு வரி என்று எண்ணிப் பலர் அஞ்சுவதுண்டு. அது தவறு. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, முதல் 70,000 ரிங்கிட்டுக்கான வரி 3,700 ரிங்கிட். மீதமுள்ள 13,000 ரிங்கிட்டுக்கு மட்டுமே 19 விழுக்காடு. அது 2,470 ரிங்கிட். ஆக, மொத்த வரி 6,170 ரிங்கிட். சொக்சோ போன்ற சிறு பிடித்தங்களைச் சேர்க்காமல் பார்த்தால், மாதந்தோறும் அவர் கைக்கு வருவது ஏறக்குறைய 6,600 ரிங்கிட்டாகும்.

ஒரே நாட்டுக்குள் வரிச் சட்டமும் மாறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அதைக் காணலாம். அங்குக் கூட்டரசு வருமான வரி எல்லாருக்கும் பொது. அதற்கு மேல் மாநில வரியும் உண்டு. டெக்சாஸ், புளோரிடா ஆகிய மாநிலங்களில் சம்பளத்திற்கு மாநில வருமான வரியே இல்லை. கலிபோர்னியாவிலோ மிக உயர்ந்த வருமானப் படியில் அது 13.3 விழுக்காட்டை எட்டுகிறது. எனவே, ஒரே சம்பளம் வாங்கும் இரு பல் மருத்துவர்களின் கையில் எஞ்சும் தொகை வேறுபடும். எனினும், டெக்சாசில் வீடு வாங்குவோர் கணிசமான சொத்து வரி செலுத்த வேண்டும். ஒரு வாசலில் கேட்காத வரியை அரசு மறுவாசலில் கேட்கிறது.

நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஜொகூர் பாலத்திற்கு அப்பால் இருக்கிறது. நம் நாட்டுப் பல் மருத்துவர் ஒருவர் சிங்கப்பூரில் முறைப்படி பதிவுபெற்று, மாதம் 8,000 வெள்ளி சம்பளத்தில் வேலை செய்வதாகக் கொள்வோம். 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் நடப்பிலுள்ள விகிதப்படி, 1,000 வெள்ளி வருமானக் கழிவு போக, அவருக்கான ஆண்டு வரி 5,075 வெள்ளி. ஒரு வெள்ளி மூன்று ரிங்கிட்டுக்கு மேல் மதிப்புள்ளது என்பதால், வேறுபாடு மிகப் பெரிதாகத் தோன்றும்.

ஆனால், இங்கே இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதியில் செல்பவருக்குப் பிடித்தமும் இல்லை. முதலாளியின் பங்கும் இல்லை. கோலாலம்பூரில் இருப்பவருக்கோ அவருடைய 11 விழுக்காட்டுடன் முதலாளியின் 12 விழுக்காடும் சேர்ந்து, ஆண்டுக்கு 22,080 ரிங்கிட் ஓய்வுக்காலத்திற்குச் சேர்கிறது. சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்று எழுதப்பட்டிருந்தாலும் அது அவருடைய பணமே. இரண்டாவதாக, இங்கு வரி மாதந்தோறும் பிடிக்கப்படுகிறது. சிங்கப்பூரில் பொதுவாக அடுத்த ஆண்டில்தான் வரிக் கடிதம் வரும். வந்ததையெல்லாம் செலவழித்தவர் அப்போது திண்டாடுவார். வீட்டு வாடகையும் கணக்கில் சேர வேண்டும். சிங்கப்பூர் வாடகைக்கு அஞ்சி ஜொகூர் பாருவில் தங்கினால், எல்லையைக் கடக்கும் வரிசையில் நாள்தோறும் நேரத்தைச் செலவிட வேண்டும். 'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்னும் பழமொழி இங்குப் பொருந்தும்.

எல்லா மருத்துவரும் அதிகம் எஞ்சும் இடத்தையே தேடிச் சென்றால், மற்ற ஊர்களின் பல்வலியை யார் தீர்ப்பது? அரசாங்கங்களுக்கும் இக்கவலை உண்டு. அமெரிக்காவில், பல் மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதிகளில் பணியாற்ற முன்வருவோரின் கல்விக் கடனை அடைக்க அரசு உதவுகிறது. நம் நாட்டில் சபா, சரவாக் பணிக்கான ஊக்கத்தொகையும் அதே நோக்கத்தைக் கொண்டது. சாலை எட்டாத சரவாக் நீள்வீடுகளுக்குப் பல் சிகிச்சைக் குழுவினர் படகில் கருவிகளோடு செல்வதுண்டு. அங்கு வலி தீர்ந்து சிரிக்கும் குழந்தைக்கு அடுத்த கிளினிக் பல மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கலாம்.

ஆகவே, தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. வரி எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்று தாளில் எழுதிக் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். அந்தத் தாளின் கடைசி வரியில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: "நான் அங்குப் போகாவிட்டால், அந்த ஊருக்கு வேறு யார் இருக்கிறார்?"

சிந்தித்து விடையளித்திடுக.

1. சேமநிதிப் பிடித்தத்தையும் வரியையும் ஒன்றாகக் கருதலாமா? காரணம் கூறுக.
2. வரிக்குரிய வருமானம் 90,000 ரிங்கிட்டாக இருந்தால், கட்டுரையில் உள்ள விகிதப்படி வரியைக் கணக்கிடுக.
3. உட்புறப் பகுதிகளில் பணியாற்றுவோருக்குக் கூடுதல் ஊதியம் வழங்குவது மட்டும் போதுமா? நண்பர்களுடன் கலந்துரையாடுக.