துன்பத்தில் மலர்ந்த விவேகம்

துன்பம் வரும்போது மனிதனின் உள்ளத்தில் முதலில் எழுவது, 'இது எனக்கு ஏன் வந்தது?' என்ற கேள்வியே. இயேசுநாதரின் சீடர்களும் ஒருமுறை இவ்வாறே கேட்டனர். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் கண்டு, இந்த நிலைக்கு அவன் செய்த பாவம் காரணமா, அவனுடைய பெற்றோர் செய்த பாவம் காரணமா என்று வினவினர். இரண்டையுமே இயேசுநாதர் மறுத்தார். இறைவனின் செயல் அவனிடம் வெளிப்பட வேண்டும் என்று கூறி, அவனுக்குப் பார்வை அளித்தார். யோவான் எழுதிய நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது.

சீடர்கள் துன்பத்தின் காரணத்தைத் தேடினர். இயேசுநாதரோ அதன் பயனை நோக்கி அவர்களது மனத்தைத் திருப்பினார். துன்பத்தைப் பற்றிய கிறிஸ்தவ நோக்கின் சாரம் இத்திருப்பத்தில் அடங்கியுள்ளது. ஒரு மனிதரின் வாழ்வில் இது எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் புனித இஞ்ஞாசியாரின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முறிந்த கால்

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியிலுள்ள லொயோலாவில் பிரபுக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் இஞ்ஞாசியார். போர்ப்புகழும் அரசவையின் மதிப்புமே இளமையில் அவரது குறிக்கோளாக இருந்தன. 1521 மே 20ஆம் நாள், பாம்பலோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவரது வலது காலை முறித்தது. மற்றொரு காலும் காயமுற்றது. கோட்டை வீழ்ந்தது. வென்றவர்கள் அவரைப் பண்புடன் நடத்தி, லொயோலாவுக்கு அனுப்பி வைத்தனர்.

எலும்பு சரியாகப் பொருந்தாததால், அதை மீண்டும் முறித்துப் பொருத்தினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம் அது. கைகளை இறுக மூடிக்கொண்டாரே தவிர, அவர் முனகவும் இல்லை. பின்னர் மரணத்தின் வாசல்வரை சென்று மீண்டார். ஆனால் முழங்காலுக்குக் கீழே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அழகிய காலணிகளை இனி அணிய முடியாதே என்ற கவலையால், அந்த எலும்பையும் அறுத்தெடுக்கச் செய்தார்!

இத்தனை வலியும் அவரை மாற்றவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். வலியைப் பொறுத்துக்கொள்வது வேறு. வலியால் விழிப்புறுவது வேறு. முன்னது வீரனுக்கும் கைவரும். பின்னதற்கு விவேகம் தேவை.

எஞ்சி நிற்பது எது?

படுக்கையில் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார் இஞ்ஞாசியார். அவ்வீட்டில் கிடைத்தவையோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். சில வேளைகளில், தாம் மதித்த உயர்குலப் பெண் ஒருவருக்காக ஆற்றவிருக்கும் வீரச்செயல்களைக் கற்பனை செய்தார். மற்ற வேளைகளில், புனித பிரான்சிஸையும் புனித தோமினிக்கையும் போலத் தாமும் வாழ்ந்தால் என்ன என்று எண்ணினார். எண்ணும்போது இரண்டுமே இனித்தன. ஆனால் எண்ணி முடித்தபின், முதலாவது மனத்தை வறண்டதாக்கியது. இரண்டாவதோ அமைதியை விட்டுச் சென்றது. ஒருநாள் இந்த வேறுபாட்டை அவர் கண்டுகொண்டார். அவரது ஆன்மிக வாழ்வு அங்கே தொடங்கிற்று.

நன்மை தருவதாகிய சிரேயஸையும் இன்பம் தருவதாகிய பிரேயஸையும் பகுத்தறியுமாறு கடோபநிஷதம் போதிக்கிறது. உபநிஷதத்தை அறியாத அந்தப் போர்வீரர், நோய்ப்படுக்கையில் அதே பகுத்தறிவைப் பயின்றார். துன்பம் அவருக்கு ஞானத்தைத் தந்துவிடவில்லை. வெளியே ஓடிய மனத்தை நிறுத்தி, உள்ளே பார்க்கும் அவகாசத்தைத் தந்தது. பார்த்தவர் அவரே.

வலி இலட்சியம் அல்ல

1522இல் மொன்செராட் ஆலயத்தில் அன்னை மரியாளின் சன்னிதியில் வாளைச் சமர்ப்பித்துவிட்டு, மான்ரேசா என்ற ஊருக்குச் சென்று கடுந்தவத்தில் ஈடுபட்டார். முன்பு புகழுக்காக வலியை ஏற்றவர், இப்போது புண்ணியத்திற்காக வலியைத் தேடினார். உடல் நலிந்தது. பாவ உணர்வு வாட்டியது. தற்கொலை எண்ணம்கூடத் தோன்றியது. அதிலிருந்து மீண்ட அனுபவம் அவருக்கு நிதானத்தைக் கற்பித்தது. 1548இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், மிகையான நோன்பைக் குறைத்து உடலைப் பேணுமாறு அவர் அறிவுறுத்தினார்.

மான்ரேசாவில்தான் 'கிறிஸ்துவைப் பின்பற்றுதல்' என்ற நூல் அவருக்கு அறிமுகமாயிற்று. வாழ்நாள் முழுவதும் அதைப் போற்றினார். சுவாமி விவேகானந்தர் தமது பரிவிராஜக நாட்களில் கீதையுடன் எடுத்துச் சென்றதும் இந்நூலையே. 1889இல் அதன் ஒரு பகுதியை வங்கமொழியில் பெயர்த்து, முன்னுரையும் எழுதினார் அவர்.

சிலுவையைச் சுமப்பது என்றால் துன்பத்தைத் தேடிச் செல்வது என்று பொருளல்ல. கெத்சமனித் தோட்டத்தில் இயேசுநாதரே அத்துன்பம் நீங்குமாறு வேண்டினார். அதன்பின் இறைவனின் சித்தத்திற்குத் தம்மை ஒப்படைத்தார். ஆதலால் நோய் தீர மருந்து உண்பதும், துயர் நீங்கப் பிரார்த்திப்பதும் நம்பிக்கைக் குறைவு ஆகா. நீக்கக்கூடியதை நீக்க முயல வேண்டும். நீங்காததை அன்பின் கருவியாக்க வேண்டும்.

கனி

இஞ்ஞாசியாரின் கால் முழுமையாகச் சீராகவில்லை. சற்று நொண்டியபடியே நெடுந்தொலைவு நடந்தார். 1538-39 குளிர்காலத்தில் ரோம் நகரைப் பஞ்சம் வாட்டியபோது, அவரும் தோழர்களும் பசித்தோரைத் தங்கள் இல்லத்தில் ஏற்று உணவும் இடமும் அளித்தனர். 1540இல் இயேசு சபை திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றது. தோழர்களுள் ஒருவரான பிரான்சிஸ் சவேரியார் 1542இல் கோவாவை அடைந்து, பின்னர் முத்துக்குளித்துறை மக்களிடையே பணியாற்றினார்.

ஒரு காலத்தில் தம் காலின் அழகுக்காக வருந்தியவர், பிறர் பசிக்காக வருந்துபவராக மாறினார். துன்பம் தன் பயனை அடைந்ததற்கு இதைவிடச் சிறந்த அடையாளம் வேறில்லை.

சாதகர் மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. 'உன் துன்பத்திற்கு ஓர் உயர்ந்த நோக்கம் இருக்கிறது' என்று துடிப்பவரிடம் போதிப்பது எளிது. அந்த நோக்கத்தைத் துன்புறுபவர் தாமே, தமக்குரிய காலத்தில் கண்டுகொள்ள வேண்டும். பார்வையற்றவனுக்கு இயேசுநாதர் விளக்கம் அளிக்கவில்லை, பார்வையை அளித்தார். நமது துன்பத்தில் விவேகம், பிறர் துன்பத்தில் சேவை. இவ்விரண்டையும் கைக்கொள்பவனுக்குத் துன்பமும் இறைவனை நோக்கிய பாதையாகிறது.